மற்ற டிஸ்க் எல்லாம் ஓடுகிறது, இந்த ஒரு கேம் டிவிடியை மட்டும் டிரைவ் எடுக்க மறுக்கிறது

சாரல்மழை (செங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு பழைய அசெம்பிள்ட் பிசி இருக்கிறது, 2009 கடைசியில் தென்காசியில் வாங்கியது, விண்டோஸ் 7, உள்ளே சாட்டா டிவிடி ரைட்டர். அக்காவைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், அவள் மகனுக்கு ஓணம் லீவு, பத்து நாள் இங்கே வந்திருக்கிறான். நான் காலேஜ் படிக்கும்போது விளையாடிய ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை அவனும் விளையாட வேண்டுமாம். 2008-இல் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க், அட்டைப்பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது. கேம் பெயரைச் சொன்னால் இங்கே வேறு சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

டிஸ்க்கைப் போட்டால் லைட் மினுக்கும், சர்ர் என்று சுற்றும், நிற்கும், மறுபடியும் சர்ர், மூன்று நான்கு தடவை இப்படி. அப்புறம் டிரைவில் டிஸ்க் போடுங்கள் என்று விண்டோஸ் என்னிடமே கேட்கிறது. ஆனால் எம்பி3 பாட்டு சிடி ஓடுகிறது, விண்டோஸ் 7 டிவிடி திறக்கிறது, அக்கா கல்யாண டிவிடி கூட ஓடுகிறது. இதே கேம் டிஸ்க் புனலூரில் அத்தான் லேப்டாப்பில் திறந்தது என்று பையன் சத்தியம் பண்ணுகிறான். டிரைவ் கெட்டதா டிஸ்க் கெட்டதா, ஒன்றும் புரியவில்லை.

வடகரை வாசி

முதலில் துடையுங்கள் அண்ணாச்சி. வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது டேட்டா ஓடும் திசையிலேயே விழும், டிரைவால் சமாளிக்க முடியாது. குறுக்கே விழும் கீறலைத் தாண்டிப் போய்விடும். நல்ல தண்ணீர், மென்மையான துணி போதும். கீறல் இருந்தால் வெள்ளை டூத்பேஸ்ட் லேசாகத் தடவிப் பாருங்கள், ஜெல் பேஸ்ட் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

டூத்பேஸ்ட் எல்லாம் கடைசியில் பாக்கலாமுங்க. இது விண்டோஸ் பிரச்சினை. விண்டோஸ் செட்டிங் எல்லாம் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் போய் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. எனக்கு பொள்ளாச்சியில் ஒருத்தர் இதைத்தான் செய்து கொடுத்தார், உடனே சரியாகிவிட்டது.

நள்ளிரவு_லினக்ஸ்

இந்த ரெஜிஸ்ட்ரி வைத்தியத்தை எல்லா டிவிடி கேள்விக்கும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அது டிரைவே கம்ப்யூட்டரில் காணாமல் போகும்போது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கும்போது செய்ய வேண்டியது. சிடி எரிக்கும் சாஃப்ட்வேர் எதையாவது நீக்கும்போது பாதியில் நின்ற ஃபில்டர் டிரைவரால் அப்படி ஆகும். இவருக்கு மற்ற டிஸ்க் எல்லாம் ஓடுகிறது, அப்படியென்றால் விண்டோஸுக்கு டிரைவைத் தெரிகிறது, கேபிளும் சரி. அதைத் தொடாதீர்கள், இருக்கிற நல்ல நிலைமையும் போய்விடும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

சரிங்க, எனக்கு டிரைவ் ஐகானே போயிருந்தது, அதை எழுத மறந்துட்டேன். அப்ப ரீஜியன் கோடு, அதாவது எந்த நாட்டுப் பகுதிக்கான டிஸ்க் என்ற அடையாளம், பார்த்தீர்களா? கல்ஃபிலிருந்து மாமா கொண்டுவந்த படம் ஒன்று அதனால் ஓடவில்லை.

நள்ளிரவு_லினக்ஸ்

ரீஜியன் கோடு படத்துக்கான டிவிடி-வீடியோ டிஸ்க்குக்கு மட்டும்தான். பிசி கேம் டிஸ்க்கில் அது கிடையாது. அந்த செட்டிங்கைச் சும்மா போய் மாற்றிப் பார்க்க வேண்டாம், மொத்தம் ஐந்து தடவைதான் மாற்ற விடும், அதற்குப் பிறகு பூட்டிக்கொள்ளும்.

சாரல்மழை

துடைத்துப் பார்த்துவிட்டேன், அதே கதை. கீறல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு மயிரிழைக் கோடு, அவ்வளவுதான். கல்யாண டிவிடியில் இதைவிட மோசமான கீறல்கள் இருக்கின்றன, அது ஓடுகிறதே.

லென்ஸ் அண்ணாச்சி (களியக்காவிளை)

மக்கா, நான் பதினெட்டு வருஷம் விசிடி பிளேயர், டிவிடி பிளேயர் எல்லாம் பிரித்துப் பார்த்தவன், இப்போது கடையில் மொபைல்தான் அதிகம். நீ சொன்னதிலேயே பதில் கிடக்கிறது. ஓடுகிற டிஸ்க் என்னென்ன? பாட்டு சிடி, விண்டோஸ் 7, கல்யாண டிவிடி. ஓடாதது கேம் டிஸ்க். அட்டைப்பெட்டியின் பின்னால் எத்தனை ஜிபி என்று போட்டிருக்கிறது பார். டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளி நிறமா, கொஞ்சம் பொன்னிறம் அடிக்கிறதா, அதையும் பார்த்துச் சொல்.

சாரல்மழை

பெட்டியில் 8 ஜிபி இடம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. அடிப்பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லேசான மஞ்சள், கல்யாண டிவிடி மாதிரி ஊதா கலந்து இல்லை.

லென்ஸ் அண்ணாச்சி

அப்படியானால் அது இரண்டு அடுக்கு டிஸ்க், டூயல் லேயர். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி, இதில் 8.5 ஜிபி வரை பிடிக்கும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரண்டு தகடுகளை ஒட்டியது, டேட்டா நடுவில் இருக்கும். இரண்டு அடுக்கு டிஸ்க்கில் மேலடுக்கு பாதி ஒளியை உள்ளே விடுகிற பூச்சு. லேசர் அதை ஊடுருவிப் போய் அடுத்த அடுக்கைப் படித்துத் திரும்ப வேண்டும். குளத்தில் மேலே பாசி படர்ந்திருக்கும்போது அதன் வழியாகத் தரையைப் பார்க்கிற மாதிரி. ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் போன ஒளியில் 45 முதல் 85 சதவீதம் திரும்பி வரும், இரண்டு அடுக்கில் வெறும் 18 முதல் 30 தான். லேசர் கொஞ்சம் சோர்ந்தாலோ லென்ஸில் அழுக்குப் படிந்தாலோ முதலில் நிற்பது இந்த டிஸ்க்தான். மற்றதெல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்.

பாட்டு சிடி ஓடுகிறது என்பதை சாட்சிக்குக் கூப்பிடவே கூடாது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. டிரைவுக்குள் இரண்டும் தனித்தனி. சிடி லேசர் நல்லா இருந்து டிவிடி லேசர் செத்துப்போன டிரைவ் நூறாவது பார்த்திருப்பேன்.

வீட்டில் ஒரிஜினல் படம் டிவிடி ஏதாவது இருக்கிறதா? ப்ராப்பர்டீஸில் 4.7 ஜிபிக்கு மேல் காட்டுகிற டிஸ்க். அதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றது எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

சாரல்மழை

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது சரியாக வந்துவிட்டது. அக்கா விட்டுப்போன மலையாளப் படம் டிவிடி ஒன்று. நான்கு தடவை தள்ளித் தள்ளிப் போட்ட பிறகு திறந்தது, 7.3 ஜிபி காட்டுகிறது. இடைவேளை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. தள்ளி ஓட்டினாலும் அதற்கு மேல் போகவில்லை.

லென்ஸ் அண்ணாச்சி

முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது அடுக்குக்குத் தாவுகிற இடம் அது. டிஸ்க் மேல் சந்தேகத்தை இப்போதைக்கு எடுத்துவிடு. டிரைவ்தான்.

பிசியை எங்கே வைத்திருக்கிறாய்?

சாரல்மழை

ஹாலில். மேலே சாமி அலமாரி.

லென்ஸ் அண்ணாச்சி

அம்மா சாம்பிராணி போடுவார்களா?

சாரல்மழை

செவ்வாய், வெள்ளி தவறாமல். தினமும் இரண்டு வேளை ஊதுபத்தி. சாரல் நேரத்தில் ஜன்னலையும் சாத்திவிடுவோம்.

லென்ஸ் அண்ணாச்சி

பிறகென்ன. கேபினட்டில் இருக்கிற ஃபேன் காற்றை வெளியே தள்ளும், அந்த இடத்துக்கு முன்பக்க இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வரும், டிரைவின் வாய் அதில் ஒரு இடுக்கு. சாம்பிராணிப் புகையில் பிசின் இருக்கிறது, குற்றாலச் சாரல் ஈரமும் சேர்ந்தால் லென்ஸ் மேல் பால் ஆடை மாதிரி படிந்துவிடும். எங்கள் பக்கம் சர்ச்சில் இருந்து வருகிற பிளேயர்களிலும் இதே கதைதான்.

பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்க் வாங்காதே, இந்தப் பிசின் அதற்குப் போகாது. பவரை அணைத்துக் கேபிளைக் கழற்று. முன்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பைக் குத்தினால் டிரே வெளியே வரும், முன்மூடியை எடுத்துவிட்டு அடியில் நான்கு ஸ்குரூ. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும், மொபைல் கடையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கேட்டால் ஒரு மூடி கொடுப்பார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் தொட்டு, உதறி, லென்ஸைத் தொட்டும் தொடாமலும் ஒரு சுற்று. லென்ஸ் கம்பி மேல் மிதந்துகொண்டு நிற்கும், அழுத்தினால் கதை முடிந்தது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பவர் கொடுத்து உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

வடகரை வாசி

லேசர் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ மாதிரி இருக்குமே, அதைத் திருகினால் பவர் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், அதையும் செய்யலாமா?

லென்ஸ் அண்ணாச்சி

செய்யலாம், அடுத்த வாரம் புது டிரைவ் வாங்குகிற எண்ணம் இருந்தால். கரண்ட் கூட்டினால் நாலு நாள் பளிச்சென்று படிக்கும், ஐந்தாம் நாள் டயோடு அவிந்துவிடும். அந்த வீடியோக்காரர் ஐந்தாம் நாளைப் படம் பிடிக்க மாட்டார்.

சாரல்மழை

செய்துவிட்டேன். பஞ்சு மஞ்சளாக வந்தது, கை நடுங்கிப்போச்சு. மலையாளப் படம் முழுதாக ஓடியது. கேம் டிஸ்க் முதல் தடவையிலேயே திறந்தது, பையன் குதித்தான். ஆனால் இன்ஸ்டால் 60 சதவீதத்தில் ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. மூன்று தடவையும் ஏறக்குறைய அதே இடம்.

நள்ளிரவு_லினக்ஸ்

இனிமேல் இன்ஸ்டாலரோடு மல்லுக்கட்ட வேண்டாம், அது ஒரு ஃபைல் தவறினாலும் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடும். டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக, ஐஎஸ்ஓ என்பார்கள், இழுத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவிலிருந்தே ஓடுகிற லினக்ஸில் (லைவ் பென்டிரைவ்) பூட் செய்து டிடி-ரெஸ்க்யூ என்ற மீட்புப் புரோகிராமை ஓட்டுங்கள். அது கஷ்டமான இடத்தைத் தாண்டிப் போய் எளிதாக வருவதை முதலில் எடுத்துவிடும், பிறகு விட்டுப்போன இடத்துக்குத் திரும்பி வந்து பொறுமையாகச் சுரண்டும். எது வந்தது எது வரவில்லை என்று ஒரு மேப் ஃபைல் எழுதிக்கொண்டே போகும். அந்த மேப் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது.

சாரல்மழை

இழுத்தேன். சரியாக 4 ஜிபியில் நின்றுவிட்டது. அப்படியானால் இரண்டாவது அடுக்கு போச்சா? லென்ஸை மறுபடியும் துடைக்கட்டுமா?

நள்ளிரவு_லினக்ஸ்

லென்ஸைத் தொடாதீர்கள்! எதில் சேமித்தீர்கள்? பென்டிரைவ் என்றால் அது ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள், உள்ளே இருக்கிறதை முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு.

சாரல்மழை

அதுதான் அண்ணே. பென்டிரைவில் கடை பில் எல்லாம் இருந்தது, நல்லவேளை கடைசி வரியையும் படித்தேன். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். 6.4 ஜிபியில் 41 எம்பி மட்டும் வரவில்லை. இரண்டாம் நாளும் ஓடவிட்டேன், 38-க்கு இறங்கி அப்படியே நிற்கிறது.

லென்ஸ் அண்ணாச்சி

புனலூர் லேப்டாப்பில் திறந்தது என்று முதலிலேயே சொன்னாயே, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டிஸ்க்கின் நடு ஓட்டையைச் சுற்றி, அந்தக் கண்ணாடி மாதிரி வளையத்தை, வெயிலில் பிடித்துப் பார். வெடிப்பு இருக்கிறதா?

சாரல்மழை

பையன்தான் கண்டுபிடித்தான். ஓட்டையிலிருந்து வெளியே போகிற மாதிரி ஒரு கோடு, நகக்கண் அளவு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுவில் அழுத்தாமல் விளிம்பைப் பிடித்து வளைத்து இழுத்ததால் இருக்குமோ? பையனைக் கேட்டால் பதிலே இல்லை, ஜன்னலைப் பார்க்கிறான்.

லென்ஸ் அண்ணாச்சி

திட்டாதே, நாம் எல்லாரும் அப்படித்தான் எடுத்தோம். டெஸ்க்டாப் டிரைவ் 16 எக்ஸ், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 9000 சுற்றுக்கு மேல் போகும். வெடித்த டிஸ்க் அந்த வேகத்தில் ஆடும், லென்ஸால் தடத்தைப் பிடிக்க முடியாது, ஒரு நாள் உள்ளேயே சுக்குநூறாக உடையும், துண்டு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த டிரைவ் ஒன்று என் கடைக்கு வந்திருக்கிறது. லேப்டாப் மெல்லிய டிரைவ் 8 எக்ஸ்தான், ஆட்டம் குறைவு. அதனால்தான் அங்கே திறந்தது. ஆக உன் டிரைவிலும் கோளாறு, உன் டிஸ்க்கிலும் கோளாறு. நான் டிஸ்க் மேல் சந்தேகத்தை எடு என்று சொன்னது அவசரம், ஒத்துக்கொள்கிறேன். அந்த வெடிப்பின் மேல் செல்லோடேப் ஒட்டாதே, பாரம் ஒரு பக்கம் சாய்ந்து இன்னும் மோசமாகும்.

நள்ளிரவு_லினக்ஸ்

அப்படியானால் வேலை சுலபம். அந்த ஐஎஸ்ஓவையும் மேப் ஃபைலையும் அதே பென்டிரைவில் வைத்துக்கொண்டு அத்தான் லேப்டாப்பில் லினக்ஸ் பூட் செய்து அதே கட்டளையை ஓட்டுங்கள். ஏற்கெனவே வந்ததைத் தொடாது, விட்டுப்போன 38 எம்பியை மட்டும் அந்த டிரைவில் கேட்கும். ஒரு டிரைவுக்கு வராத இடம் இன்னொன்றுக்கு வரும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

லேப்டாப் கிடைக்காட்டி யுஎஸ்பி டிவிடி ரைட்டர் கூட அதே மெல்லிய டிரைவ்தானுங்க. ஆனா பிசியின் முன்பக்க போர்ட்டில் மாட்டாதீங்க. நான் மாட்டி, டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் டக் டக் என்று சத்தம் வந்து காணாமல் போய், மறுபடி வந்து, டிரைவ் கெட்டுப்போச்சுன்னு கடையில் போய் சண்டையே போட்டுவிட்டேன். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், சுற்ற ஆரம்பிக்கும்போது இதற்கு அதைவிட வேண்டும். பின்பக்க போர்ட்டில் இரண்டு தலை உள்ள கேபிளோடு மாட்டியதும் ஒழுங்காக ஓடியது. கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேனுங்க. இந்த இழையில் எனக்கு இதுவாவது சரியா வரட்டும்.

சாரல்மழை

ஞாயிற்றுக்கிழமை அத்தான் பையனைக் கூட்டிப்போக ரயிலில் வந்தார், லேப்டாப்பையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஆரியங்காவு பக்கம் மழையாம், பையைச் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்தார். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் 38 எம்பியும் வந்துவிட்டது, பாக்கி பூஜ்யம்! இன்ஸ்டாலும் ஆகிவிட்டது. ஆனால் கேமைத் திறந்தால் ஒரிஜினல் டிஸ்க்கைப் போடு என்கிறது. ஐஎஸ்ஓவை டிஸ்க் மாதிரி மவுன்ட் செய்து காட்டினாலும் ஏற்கவில்லை. என் சொந்த டிஸ்க் ஐயா இது.

நள்ளிரவு_லினக்ஸ்

அது காப்பிப் பாதுகாப்பு. டிஸ்க்கில் இருக்கிற ஃபைலைப் பார்ப்பதில்லை, டிஸ்க் அச்சான விதத்தைப் பார்க்கிறது, அதனால் சாதாரண ஐஎஸ்ஓவில் அது இருக்காது. கேம் வெளியிட்டவர்களுடைய கடைசி பேட்ச், அதாவது திருத்த அப்டேட், போட்டிருக்கிறீர்களா? சில கம்பெனிகள் விற்பனை முடிந்த பிறகு பேட்ச்சிலேயே டிஸ்க் சோதனையை எடுத்துவிட்டார்கள். பேட்ச்சோடு வரும் ரீட்மீயில் எழுதியிருக்கும்.

வடகரை வாசி

இதே மாதிரி என்னிடம் 2005-இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் டிவிடி இருக்கிறது. விண்டோஸ் 10-இல் டிஸ்க் திறக்கிறது, ஃபைல் எல்லாம் தெரிகிறது, கேம் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. நானும் லென்ஸைத் துடைக்கவா?

நள்ளிரவு_லினக்ஸ்

வேண்டாம், உங்களுடையது வேறு. அதில் இருப்பது சேஃப்டிஸ்க் என்ற காப்பிப் பாதுகாப்பு. அதற்கு விண்டோஸுக்குள்ளேயே ஒரு டிரைவர் வேண்டும், அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் மைக்ரோசாஃப்ட் 2015-இல் விண்டோஸ் 10-இல் அதைச் சேர்க்கவே இல்லை, அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் 7, 8 இரண்டிலும் அணைத்துவிட்டார்கள். டிரைவ், டிஸ்க், லென்ஸ் மூன்றும் பொன் மாதிரி இருந்தாலும் ஓடாது. இன்டர்நெட் இணைக்காத பழைய எக்ஸ்பி பிசி யாரிடமாவது இருந்தால் அதில் போடுங்கள்.

சாரல்மழை

பேட்ச் போட்டேன். ரீட்மீயில் ஏழாவது வரியில் இருக்கிறது, டிஸ்க் இனி தேவையில்லை என்று. கேம் ஓடுகிறது!! டிஸ்க்கை பெட்டியில் வைத்து மேலே ஏற்றிவிட்டேன், இனிமேல் அதை எந்த டிரைவிலும் போடப்போவதில்லை. பையன் ஒன்றரை மணி நேரம்தான் விளையாடினான், அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சேவ் ஃபைலை மெயிலில் அனுப்பச் சொல்லி புனலூரிலிருந்து இரண்டு தடவை போன், அந்த லேப்டாப்பில் இந்த கேம் ஓடாது என்று அவனுக்கும் தெரியும்.

லென்ஸ் அண்ணாச்சி

சந்தோஷம் மக்கா. பிசியை அந்த அலமாரிக்கு அடியிலிருந்து நகர்த்தினாயா?

சாரல்மழை

அம்மாவிடம் சொன்னேன். சாமி முதலில் வந்ததா கம்ப்யூட்டர் முதலில் வந்ததா என்று கேட்டார்கள். நெட் வயர் அந்த மூலை வரைக்கும்தான் வருகிறது, அதனால் இப்போதைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிசியை அணைத்து மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வைக்கிறேன்.